தனி மியூசிக் பிளேயர்: பழைய ஐபாடா, புது வாக்மேனா? வாங்கிய பிறகு எப்படிக் காப்பாற்றுவது?

திருப்பூர்_ஷிஃப்ட்:

எல்லோருக்கும் வணக்கம். பனியன் கம்பெனியில் சாம்பிள் செக்‌ஷனில் செக்கிங் வேலை பார்க்கிறேன். பையர் கொடுத்த டிசைன் வெளியே போய்விடக் கூடாது என்று கேமரா உள்ள போனை உள்ளே விடமாட்டார்கள், கேட்டிலேயே லாக்கரில் வைத்துவிட்டுத்தான் போக வேண்டும். பாட்டு கேட்டுக்கொண்டு வேலை செய்யலாம், அதற்கு யாரும் ஒன்றும் சொல்வதில்லை. ஆனால் எதில் கேட்பது என்பதுதான் பிரச்சினை. வீட்டில் அப்பா சேர்த்து வைத்த சிடிக்கள் நிறைய இருக்கின்றன, பெரும்பாலும் எண்பதுகளின் பாட்டுகள். அதையெல்லாம் ஒரே பெட்டிக்குள் போட்டுக்கொள்ள ஆசை.

ஓஎல்எக்ஸில் ஒருவர் ஐபாட் கிளாசிக் 160 ஜிபி, 9,000 ரூபாய் என்று போட்டிருக்கிறார். கூட வேலை பார்க்கும் நண்பர், பழசு வேண்டாம், சேர்த்து வைத்துப் புது சோனி வாக்மேன் வாங்கு என்கிறார். கையில் இப்போது 15,000 இருக்கிறது, இன்னும் சில மாதம் பொறுத்தால் ஏறும். வாங்கிவிட்டால் அது பல வருடம் நிற்க வேண்டும், அதுதான் எனக்கு முக்கியம். எங்கள் இடத்தில் பஞ்சுத் தூசி அதிகம், வியர்வையும் அதிகம். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழைய_கேசட்:

தம்பி, பணத்தை எடுப்பதற்கு முன்னால் செக்யூரிட்டியிடமோ ஹெச்.ஆரிடமோ ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். கேமரா இல்லை என்றாலும் மியூசிக் பிளேயர் என்பது கம்ப்யூட்டரில் செருகினால் பென் டிரைவ் மாதிரி திறக்கும் பொருள். டிசைன் ஃபைலுக்குப் பயப்படுகிற கம்பெனி அதையும் தடுக்கலாம். வாங்கிய பிறகு கேட்டில் நிறுத்தினால் மனசு கஷ்டப்படும்.

இன்னொன்று. "பல வருடம் நிற்க வேண்டும்" என்றீர்கள், அதைப் பற்றி என் கருத்து. 1979 ஜூலையில் சோனி விட்ட முதல் வாக்மேன் இரண்டு பென்டார்ச் செல்லில் ஓடியது. அந்த மாடலை இன்றைக்கும் ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள், உள்ளே ரப்பர் பெல்ட் இற்றுப்போனால் அதை மாற்றிக்கொள்கிறார்கள், செல் தெருமுனைப் பெட்டிக்கடையிலேயே கிடைக்கிறது. 2001 அக்டோபரில் வந்த முதல் ஐபாட் 5 ஜிபி, 399 டாலர். வந்தபோது உலகமே வாய்பிளந்து பார்த்தது, ஆனால் பேட்டரி உள்ளே பூட்டி வந்தது, அன்று ஆரம்பித்ததுதான் இந்தத் தொல்லை. எந்த பிளேயரை வாங்கினாலும் பாட்டரி போனால் என்ன செய்வோம் என்பதை முதலில் யோசியுங்கள்.

சாலிடர்_மேசை:

அண்ணன் சொன்னதை அப்படியே வழிமொழிகிறேன். நான் ரிப்பேர் வேலை செய்கிறவன், என் மேசைக்கு வரும் பிளேயர்களில் கீறல் விழுந்ததால் செத்தது என்று ஒன்றுகூட இல்லை. செத்தவை எல்லாம் மூன்று வழியில் செத்தவை: பேட்டரி, ஹெட்போன் ஜாக், பழைய மாடல் என்றால் ஹார்ட் டிஸ்க். ஆனால் வாங்குகிறவர்கள் எல்லோரும் முதல் நாளே ஓடிப்போய் ஸ்கிரீன் கார்டு ஒட்டுகிறார்கள். ஒட்டட்டும், தப்பில்லை. பாதுகாப்பு என்றால் அதுதான் என்று நினைத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடுவதுதான் எனக்கு வருத்தம்.

பேட்டரிக்கு எமன் வெயில். லித்தியம் பேட்டரி உள்ள ஐபாட், ஐபோன் எல்லாவற்றுக்கும் ஆப்பிள் சொல்லும் அளவு, பயன்படுத்தும்போது சுற்றுப்புறம் 35 டிகிரிக்கு மேல் போகக் கூடாது, சும்மா வைத்திருந்தாலும் 45 டிகிரியைத் தாண்டக் கூடாது. நம் ஊர் சித்திரை வெயிலில் நிறுத்திய காருக்குள்ளும் ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியிலும் இந்த 45 எல்லாம் சாதாரணமாகத் தாண்டிவிடும். டூவீலரில் போகிறவர் என்றால் டிக்கியில் வைக்காதீர்கள், பையில் போட்டு உள்ளே எடுத்துப் போங்கள். செய்ய வேண்டியது இவ்வளவுதான், ஒரு பைசா செலவில்லை, நூறு ரூபாய் கவரைவிட ஆயிரம் மடங்கு பலன்.

அடுத்தது, முழுக்கத் தீர்ந்து போன நிலையில் மாதக்கணக்கில் டிராயரில் போட்டு வைப்பது. லித்தியம் செல் ஓர் அளவுக்குக் கீழே இறங்கிவிட்டால் அப்புறம் சார்ஜே ஏறாது. எடுத்து வைக்கிறீர்கள் என்றால் பாதி சார்ஜில் வையுங்கள், ஆறு மாதத்துக்கு ஒருமுறை எடுத்து மறுபடி பாதிக்கு ஏற்றுங்கள். நூறு சதவீதத்தில் ராத்திரி முழுக்க வயரில் தொங்க விடுவதும் நல்லதல்ல.

ஜாக் விஷயம். இயர்போன் வயரைக் கழற்றாமலே பிளேயரைச் சுற்றிக் கட்டிப் பாக்கெட்டில் போடுவார்கள் இல்லையா, அதுதான் ஜாக்கைக் கொல்கிறது. பின்னின் கழுத்து ஒரு பக்கமாக இழுபட்டு, உள்ளே இருக்கும் ஸ்பிரிங் தகடு தளர்ந்து, ஒரு காதில் மட்டும் பாட்டு வரும், பின்னைத் திருகினால் வரும், விட்டால் போகும். பின்னைக் கழற்றிவிட்டுச் சுற்றுங்கள். எல் வடிவப் பின் உள்ள இயர்போன் என்றால் பாக்கெட்டில் வைத்தாலும் நெம்பாது.

உங்கள் பஞ்சுத் தூசிக்கு வருகிறேன். ஜாக்குக்குள்ளும் சார்ஜ் போர்ட்டுக்குள்ளும் பஞ்சு போய், ஒவ்வொரு முறை பின்னைச் செருகும்போதும் அடியில் அழுந்தி அழுந்திக் கெட்டியாகிவிடும். அப்புறம் பின் முழுசாக இறங்காது, ஜாக் போய்விட்டது என்று நினைத்துக் கடைக்குக் கொண்டுவருவார்கள். ஊசியோ ஊக்கோ விடாதீர்கள். பிளேயரை அணைத்துவிட்டு மரப் பல்குச்சியின் முனையைச் சீவிக்கொண்டு மெதுவாக வழித்து எடுங்கள். வாயால் ஊதாதீர்கள், எச்சில் ஈரம் உள்ளே போகும்.

தாம்பரம்_லோக்கல்:

நான் வாக்மேன் என்.டபிள்யூ-ஏ306 வைத்திருக்கிறேன், தினமும் ரயிலில் அதுதான் துணை. 2023ல் இந்தியாவுக்கு வந்தபோது விலை 25,990. 32 ஜிபி என்று போட்டிருந்தாலும் ஆண்ட்ராய்டு எடுத்துக்கொண்டது போக 18 ஜிபி அளவுக்குத்தான் நமக்கு, அதனால் மைக்ரோ எஸ்டி கார்டு கட்டாயம். யூஎஸ்பி-சி சார்ஜர் போதும், பழைய ஐபாடின் அகலமான 30 பின் வயரைத் தேடி அலைய வேண்டாம். பேட்டரி கேர் என்று ஒரு செட்டிங் இருக்கிறது, அதைப் போட்டுவிட்டால் முழுக்க ஏறுவதற்கு முன்பே நிறுத்திக்கொள்ளும். கேமரா கிடையாது, சிம் கிடையாது.

எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது வேறு. பாட்டுப் பெயர்களைத் தமிழிலேயே வைத்திருக்கிறேன், அது அழகாக, எழுத்து உடையாமல் வருகிறது. சாலிடர் அண்ணன் ரிப்பேர் கோணத்திலேயே பார்க்கிறார். தினமும் கையாள வசதியாக இருப்பதும் ஆயுள்தான். வசதி இல்லாத பொருளை நாமே ஓரமாகப் போட்டுவிடுவோம்.

சாலிடர்_மேசை:

தம்பி சொல்வது நியாயம், ஏ306 நல்ல பிளேயர், அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் அதன் பேட்டரியும் உள்ளே அடைத்ததுதான், சாதாரண ஆளால் வீட்டில் மாற்ற முடியாது. அதோடு அது ஆண்ட்ராய்டு 12ல் வந்த பொருள், ஆன்லைன் பாட்டு ஆப்கள் ஒருநாள் "உங்கள் ஆண்ட்ராய்டு பழசு" என்று சொல்லிவிடும். கார்டில் போட்ட பாட்டு மட்டும் கேட்கிறவருக்கு அந்தக் கவலை இல்லை, அது உண்மை.

தமிழ் எழுத்து விஷயத்தைச் சொன்னது நல்லது. பழைய ஐபாடில் ராக்பாக்ஸ் போடச் சொல்லிப் பலர் சொல்வார்கள். அது 2001 இறுதியில் ஆர்கோஸ் பிளேயர்களுக்காக ஆரம்பித்த இலவச மென்பொருள், இன்றைக்கும் ஆட்கள் வேலை செய்கிறார்கள். பாட்டு ஏற்ற ஆப்பிளின் ஐடியூன்ஸ் மென்பொருள் தேவையில்லை, ஃபோல்டரை இழுத்துப் போட்டால் பாடும், தரம் குறையாமல் சுருக்கும் ஃபிளாக் கோப்பும் பாடும். ஆனால் தமிழ் எழுத்தைச் சேர்த்துக் காட்டத் தெரியாது. கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும், "கொ" என்பதைப் படிக்கவே முடியாது. ராக்பாக்ஸ் போடுகிறவர்கள் பாட்டுப் பெயரை ஆங்கில எழுத்தில் வைத்துக்கொள்வதுதான் வழி.

திருப்பூர்_ஷிஃப்ட்:

ரொம்ப நன்றி. ஹெச்.ஆரில் கேட்டேன், பொருளைப் பதிவேட்டில் எழுதி, யூஎஸ்பி ஓட்டையின் மேல் அவர்கள் ஸ்டிக்கர் ஒட்டித் தருவார்களாம், வெளியே போகும்போது ஸ்டிக்கர் கிழியாமல் இருக்க வேண்டும். போன் மாதிரி டச் ஸ்கிரீன் இருந்தால் கேட்டில் தினமும் விளக்கம் சொல்ல வேண்டி வரும் என்றும் சொன்னார்கள். ஆக எனக்குப் பழைய ஐபாட் பக்கம்தான் மனசு போகிறது. அந்த 160 ஜிபி ஆளை ஞாயிற்றுக்கிழமை பார்க்கப் போகிறேன். நேரில் என்னென்ன பார்க்க வேண்டும்? "ரீஃபர்பிஷ்டு, புது பாடி" என்று இன்னும் சிலர் போட்டிருக்கிறார்கள், அது பரவாயில்லையா?

சாலிடர்_மேசை:

முதலில் தட்டையான மேசையில் படுக்க வைத்துப் பாருங்கள். பின்பக்கத் தகடு ஆடாமல் படிந்து இருக்க வேண்டும். ஆடினாலோ, ஓரத்தில் முன்பக்கமும் பின்பக்கமும் சேரும் கோட்டில் இடைவெளி தெரிந்தாலோ, திரையில் ஓரிடம் மட்டும் வெளுத்துத் தெரிந்தாலோ, நடு பட்டன் அமுங்காமல் முட்டினாலோ, உள்ளே பேட்டரி அப்பளம் மாதிரி உப்பியிருக்கிறது என்று அர்த்தம். அதை சார்ஜ் போட்டுக் காட்டச் சொல்லவும் வேண்டாம், வந்துவிடுங்கள். உப்பிய செல்லைக் குத்துவது, அழுத்தி மூடுவது எல்லாம் தீப்பிடிக்கும் வேலை.

சரியாக இருந்தால் காதருகே வைத்துப் பாட்டைத் தாவித் தாவிப் போடுங்கள். ஹார்ட் டிஸ்க் மெல்ல சுழலும் சத்தம் வரலாம். டக், டக் என்று திரும்பத் திரும்பத் தட்டும் சத்தம் வந்தால் டிஸ்க் கடைசிக் காலத்தில் இருக்கிறது.

அதற்கு மேல் ஒரு சோதனை இருக்கிறது, விற்பவரின் அனுமதியோடு செய்யுங்கள். மெனு பட்டனையும் நடு பட்டனையும் சேர்த்து ஆப்பிள் சின்னம் வரும்வரை அழுத்துங்கள், வந்த உடனே விட்டுவிட்டு நடு பட்டனையும் பின்னால் போகும் பட்டனையும் சேர்த்து அழுத்திப் பிடியுங்கள். சோதனை மெனு திறக்கும். அதில் ஐஓ, ஹார்ட்டிரைவ், எஸ்மார்ட் டேட்டா என்று போனால் ரீஅலாக்ஸ் (டிஸ்கில் கெட்டுப்போய் மாற்றப்பட்ட பகுதிகள்), பெண்டிங் செக்டார்ஸ் (படிக்க முடியாமல் சந்தேகத்தில் நிற்கும் பகுதிகள்) என்று இரண்டு எண் இருக்கும். இரண்டும் பூஜ்யமாக இருந்தால் சந்தோஷம். பெண்டிங்கில் எண் இருந்தால் அந்த டிஸ்கை நம்பாதீர்கள். வெளியே வர மெனுவும் நடு பட்டனும் மறுபடி.

பட்டன்களைப் பூட்டும் ஹோல்டு சுவிட்சை இரண்டு பக்கமும் தள்ளிப் பாருங்கள், சக்கரத்தில் விரலை முழுச் சுற்று சுற்றிப் பாருங்கள், உங்கள் இயர்போனையே கொண்டுபோய்ச் செருகிப் பின்னை மெல்லத் திருகிக் கேளுங்கள்.

"புது பாடி" என்பதைப் பற்றி. பாடி புதுசு என்பதால் உள்ளே எதுவும் புதுசாகிவிடாது. திறந்து மூடியிருக்கிறார்கள் என்பது மட்டும்தான் அதற்கு அர்த்தம். யார் திறந்தார்கள் என்பதுதான் விஷயம். வாடிக்கையாளர் ஒருவர் வெளியூர்க் கடை ஒன்றில் பேட்டரி மாற்றக் கொடுத்துவிட்டு என்னிடம் கொண்டுவந்தார். அங்கே ஐந்தாம் தலைமுறை ஐபாடை ஒரேயடியாகப் பிளந்திருக்கிறார்கள். பேட்டரியிலிருந்து போர்டுக்கு வரும் ரிப்பன் அரை விரல் நீளம்கூட இருக்காது, கனெக்டரில் நகம் அளவு பூட்டு ஒன்று இருக்கிறது, அதைத் தூக்கிவிட்டுத்தான் உருவ வேண்டும். அப்படியே இழுத்ததில் கனெக்டரே போர்டிலிருந்து பெயர்ந்து வந்துவிட்டது. பார்க்கவே வயிறு எரிந்தது.

கடைசியாக ஒன்று, இது முக்கியம். 2009ல் வந்த கிளாசிக்கின் முன்பக்கம் அலுமினியத் தகடு, உள்ளே கவ்விகள் மிகவும் இறுக்கம், திறந்தால் பின்தகடு வளையாமல் மூடுவது பழகிய கைக்கே கஷ்டம். 2005, 2006ல் வந்த ஐந்தாம் தலைமுறை ஐபாட், வீடியோ ஐபாட் என்பார்கள், அது பிளாஸ்டிக் முகப்பு, ஒழுங்காகச் செய்தால் சுத்தமாகத் திறக்கும். புது பேட்டரி போடலாம். ஹார்ட் டிஸ்கை எடுத்துவிட்டு ஐஃபிளாஷ் அடாப்டரில் எஸ்டி கார்டு போடலாம், அதன்பிறகு கீழே விழுந்தால் தெறித்துப் போகச் சுழலும் பாகமே உள்ளே இருக்காது. சார்ஜும் கூடுதலாக நிற்கும். பல வருடம் நிற்க வேண்டும் என்கிறவருக்கு என் ஓட்டு இதற்குத்தான்.

குறுந்தகடு_குடோன்:

எல்லோரும் பெட்டியைப் பற்றியே பேசுகிறீர்கள், உள்ளே போடும் பாட்டைப் பற்றி நான் கொஞ்சம் பேசுகிறேன். அப்பாவின் சிடிக்கள் கையில் இருப்பது பெரிய பாக்கியம். நெட்டில் இறக்கிய 128 கேபிபிஎஸ் எம்பி3யை எந்த விலை பிளேயரில் போட்டாலும் ஜால்ரா சத்தம் நீரில் நனைந்த மாதிரித்தான் கேட்கும். சிடியில் இருப்பது 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ், நொடிக்கு 1,411 கிலோபிட். எக்ஸாக்ட் ஆடியோ காப்பி என்ற இலவச மென்பொருளில் ஃபிளாக் ஆக எடுத்து ஹார்ட் டிஸ்கில் ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள், அதுதான் மூலப் பிரதி. ஐபாடின் சொந்த மென்பொருள் ஃபிளாக் பாடாது, அதற்கு ஆப்பிள் லாஸ்லெஸ்ஸாக மாற்றிப் போடலாம், தரம் குறையாது. பிளேயர் தொலைந்தாலும் உடைந்தாலும் பாட்டு பிழைக்க வேண்டும். பிளேயரை மட்டும் பொத்திப் பொத்தி வைத்துவிட்டு உள்ளே இருப்பதற்கு வேறு பிரதி இல்லை என்றால் என்ன பாதுகாப்பு அது?

பெயர் போடும்போது பொறுமையாக இருங்கள். இளையராஜா பெயரை ஆங்கிலத்தில் ஒரு சிடியில் ஒற்றை ஏ, இன்னொன்றில் இரட்டை ஏ, வேறொன்றில் நடுவில் இடைவெளி என்று எழுதியிருப்பார்கள். அப்படியே ஏற்றினால் பட்டியலில் மூன்று நான்கு இளையராஜா தனித்தனியாக நிற்பார். ஒரே எழுத்துமுறை என்று முதலிலேயே முடிவு செய்யுங்கள்.

எஸ்டி கார்டில் போலி நிறைய. 256 ஜிபி என்று அச்சடித்து உள்ளே 32 இருக்கும், முதலில் எல்லாம் ஏறிய மாதிரி காட்டும், அப்புறம் பாட்டு பாதியில் நிற்கும். வாங்கிய அன்றே விண்டோஸில் ஹெச்2டெஸ்ட்டபிள்யூ, லினக்ஸில் எஃப்3 என்ற சோதனை மென்பொருளைப் போட்டு முழுக் கொள்ளளவும் எழுதிப் படித்துச் சோதியுங்கள். நேரம் ஆகும், ஆனால் கார்டைத் திருப்பிக் கொடுக்கும் தேதி முடிவதற்குள் செய்தே ஆக வேண்டும்.

கடலோரக்_காது:

கவர் பற்றிச் சாலிடர் அண்ணனிடம் எனக்கு மாற்றுக் கருத்து. நான் இருப்பது தூத்துக்குடி, உப்புக்காற்று. சிலிகான் கவர் இல்லாமல் வைத்திருந்தால் பின்தகடு மங்கிப் போயிருக்கும். ஆப்பிள் நானோ முதல் மாடல் 2005ல் வந்தபோது திரை கீறிவிடுகிறது என்று வாங்கியவர்கள் கோர்ட்டுக்கே போனார்கள். ஆக கீறல் ஒன்றுமில்லை என்று ஒதுக்கிவிட முடியாது.

சாலிடர்_மேசை:

கீழே விழும்போது சிலிகான் கவர் மூலையைக் காப்பாற்றும், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் போட்டுவிட்டு மறந்துவிடக் கூடாது. உள்ளே நுழைந்த மணல் தூசி கவருக்கும் தகட்டுக்கும் நடுவில் தேய்ந்து தேய்ந்து, கவரே உப்புத்தாளாக வேலை செய்யும். வியர்வையும் உள்ளேயே தங்கும். வாரம் ஒருமுறை கழற்றி, மைக்ரோஃபைபர் துணியால் துடைத்துவிட்டு, கவரைக் கழுவிக் காயவைத்துப் போடுங்கள். கடலோரத்தில் இருப்பவர் இரவில் பிளேயரை ஒரு மூடி போட்ட டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வைக்கலாம், அது கவரைவிட நல்ல பாதுகாப்பு.

நானோ முதல் மாடல் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது, எல்லோரும் கவனியுங்கள். 2005 செப்டம்பர் முதல் 2006 டிசம்பர் வரை விற்ற அந்த நானோக்களின் பேட்டரி அதிகம் சூடாகும் ஆபத்து உண்டு என்று 2011 நவம்பரில் ஆப்பிளே திரும்பப் பெற்றது. பழைய சந்தையில் யாராவது மலிவாகக் கொடுத்தால் ஆசைப்பட்டு வாங்கி சார்ஜில் போட்டுவிட்டுத் தூங்காதீர்கள்.

பழைய_கேசட்:

பிளேயரைக் காப்பாற்றும் பேச்சோடு காதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மெஷின் சத்தத்தை அமுக்க வால்யூமை ஏற்றிக்கொண்டே போவார்கள், எங்கள் வயதில் அதன் பலன் தெரியும். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு, 80 டெசிபல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம், 90 டெசிபல் என்றால் 4 மணி நேரம்தான். காதுக்குள் நன்றாகப் பொருந்தி வெளிச்சத்தத்தை அடைக்கும் ரப்பர் முனை இயர்போனாக வாங்குங்கள் தம்பி, வால்யூம் தானாகக் குறையும். யாராவது கூப்பிட்டால் கேட்க ஒரு காதைத் திறந்தே வையுங்கள்.

திருப்பூர்_ஷிஃப்ட்:

போய்ப் பார்த்தேன். வெளியே பளபளவென்று இருந்தது, தகடு ஆடவில்லை. சோதனை மெனுவில் பெண்டிங் செக்டார்ஸ் மூன்று இலக்கத்தில் இருந்தது. அவரிடம் காட்டினேன், அவருக்கும் அது தெரிந்திருக்கவில்லை, பாவம், விலையைக் குறைக்க முடியாது என்றார், நன்றி சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அதே வாரம் கோவையில் ஒருவரிடம் 2006 வீடியோ ஐபாட் 30 ஜிபி, கறுப்பு, 4,500க்குக் கிடைத்தது. முகப்பில் கீறல் நிறைய, ஜாக் சுத்தமாக இருக்கிறது, திறந்த அடையாளமே இல்லை. பேட்டரி ஒரு மணி நேரம்கூட நிற்கவில்லை, அது தெரிந்தேதான் வாங்கினேன். பேட்டரியும் அடாப்டரும் கார்டும் வாங்கப் போகிறேன். பேட்டரியில் மெலிசு, தடிமன் என்று இரண்டு விதம் காட்டுகிறதே, எது? அடாப்டரை நானே மாற்றலாமா?

சாலிடர்_மேசை:

நல்ல தேர்வு. 30 ஜிபிக்குப் பின்தகடு மெலிசு, அதனால் மெலிசு பேட்டரிதான் சேரும், தடிமனை வாங்கினால் மூடாது. அதிக எம்ஏஹெச் (பேட்டரியின் கொள்ளளவு) என்று பெரிய எண் போட்டிருப்பதைப் பார்த்து மயங்காதீர்கள், அந்த அளவுக்குள் அவ்வளவு அடைக்க முடியாது.

திறப்பதற்கு முன் சார்ஜை முக்கால்வாசி தீர்த்துவிட்டு ஹோல்டு சுவிட்சைப் போட்டுவிடுங்கள். இரும்பு ஸ்குரூடிரைவர் வேண்டாம், பிளாஸ்டிக் நெம்பி போதும், பக்கவாட்டில் ஆரம்பித்துக் கவ்விகளை ஒவ்வொன்றாக விடுவியுங்கள். திறந்ததும் இரண்டு பாதியையும் ஒரு விரற்கடைக்கு மேல் பிரிக்காதீர்கள். முதலில் பேட்டரி ரிப்பனின் பூட்டைத் தூக்குங்கள், பிறகு ஜாக்கிலிருந்து வரும் ரிப்பனை. கை நடுங்கினால் நிறுத்திவிடுங்கள், பார்சலில் அனுப்புங்கள், நான் மாற்றித் தருகிறேன். அனுப்புவதாக இருந்தால் பழைய பேட்டரி உப்பவில்லை என்பதை மட்டும் முதலில் உறுதிசெய்துகொண்டு எழுதுங்கள், உப்பியிருந்தால் கூரியரில் போடக் கூடாது, நேரில்தான் கொண்டுவர வேண்டும்.

திருப்பூர்_ஷிஃப்ட்:

உப்பவில்லை அண்ணே, தட்டையாகத்தான் இருக்கிறது. பாகங்கள் வந்ததும் நானே திறந்து பார்க்கிறேன், பேட்டரி ரிப்பன் பக்கம் வரும்போது போட்டோ எடுத்து இங்கே போடுகிறேன், நீங்கள் பார்த்துச் சொன்ன பிறகு பூட்டைத் தூக்குகிறேன். அதுவரை அப்பாவின் சிடிக்களை ஒவ்வொன்றாக ஏற்றும் வேலையைத் தொடங்கிவிட்டேன், இளையராஜாவுக்கு இரட்டை ஏ என்று முடிவு செய்தாகிவிட்டது.